ஏபிள் ஆர்ச்சர் 83: உலகம் நிஜமாகவே மயிரிழையில் தப்பித்ததா?

1983 நவம்பர் 9 காலை நேட்டோ அணுகுண்டு போட்டது. காகிதத்தில்தான். நவம்பர் 7 முதல் 11 வரை மேற்கு ஐரோப்பாவில் நடந்த 'ஏபிள் ஆர்ச்சர் 83' என்ற பயிற்சியில் டாங்கி ஓடவில்லை, ஒரு துப்பாக்கிகூடச் சுடவில்லை. தளபதிகளும் அவர்களுடைய அலுவலர்களும் உட்கார்ந்துகொண்டு, அணு ஆயுதம் பயன்படுத்த யார் யாரிடம் அனுமதி கேட்பது, அது எந்த வழியாக வரும், வந்த உத்தரவு அசல்தானா என்று எப்படிச் சரிபார்ப்பது என்பதையெல்லாம் செய்தி அனுப்பி, செய்தி வாங்கிப் பழகினார்கள். கதைப்படி 'ஆரஞ்சு' அணி (சோவியத் என்று படித்துக்கொள்ளுங்கள்) ஐரோப்பாவுக்குள் நுழைந்து நவம்பர் 6-ல் ரசாயன ஆயுதத்தை எடுக்கிறது. 'நீல' அணி 8-ம் தேதி காலை அணுகுண்டுக்கு அனுமதி கேட்கிறது, மாலையில் கிடைக்கிறது, மறுநாள் காலை சுடுகிறது. ஆரஞ்சு அடங்கவில்லை. 11-ம் தேதி காலை இரண்டாவது சுற்று, அன்றே பயிற்சி முடிந்து எல்லாரும் கிளம்பிவிட்டார்கள்.

இதே பயிற்சி அப்போது கிட்டத்தட்ட ஒவ்வொரு வருடமும் நடந்ததுதான். ஆனால் அந்த ஒரு வாரத்தில் மாஸ்கோ இதை நிஜத் தாக்குதலுக்கான முகமூடி என்று நினைத்து, தான் முந்திக்கொள்ளத் தயாரானது, 1962 கியூபா நெருக்கடிக்குப் பிறகு உலகம் அணுப்போருக்கு இவ்வளவு பக்கத்தில் போனதே இல்லை என்று ஒரு கதை இருக்கிறது. யூடியூபில் தேடினால் திகில் இசையோடு வரிசையாக வரும். கதை பாதி சரி. எந்தப் பாதி என்பதுதான் இங்கே விஷயம், அதைக் கண்டுபிடிக்க ஆவணங்களை அவை வெளிவந்த வரிசையில் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் அந்த வருடம் எப்படி இருந்தது என்பதை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். மார்ச் 8-ல் அமெரிக்க ஜனாதிபதி ரீகன் சோவியத்தைத் 'தீய சாம்ராஜ்யம்' என்றார், இரண்டு வாரம் கழித்து விண்வெளியிலிருந்தே ஏவுகணைகளைத் தடுக்கும் திட்டத்தை அறிவித்தார். ஏப்ரலில் அமெரிக்கக் கடற்படை வட பசிபிக்கில் பெரிய பயிற்சி நடத்தியபோது அதன் போர் விமானங்கள் குரில் தீவுகளில் சோவியத் வசமிருந்த ஒரு தீவின் மேலேயே பறந்துவிட்டுப் போயின, கோட்டைவிட்ட சோவியத் வான்பாதுகாப்பு அதிகாரிகளுக்கு மேலிடத்திலிருந்து செம டோஸ் விழுந்தது. செப்டம்பர் 1-ல் அதே கிழக்குக் கோடியில் வழிதவறி வந்த கொரியப் பயணிகள் விமானத்தைச் சுட்டு வீழ்த்தினார்கள், 269 பேர் செத்தார்கள். செப்டம்பர் 26-ல் மாஸ்கோவுக்குத் தெற்கே செர்புகோவ்-15 நிலையத்தில் அமெரிக்காவிலிருந்து ஐந்து ஏவுகணைகள் கிளம்பிவிட்டதாகக் கணினி அலற, பணியிலிருந்த லெப்டினன்ட் கர்னல் ஸ்தானிஸ்லாவ் பெத்ரோவ் அது பொய் எச்சரிக்கை என்று முடிவெடுத்தார். அக்டோபர் 23-ல் பெய்ரூத்தில் குண்டுவெடித்து 241 அமெரிக்கப் படையினர் பலி, இரண்டு நாளில் கரீபியத் தீவான கிரெனடா மீது அமெரிக்கப் படையெடுப்பு. இதற்கு நடுவில் மேற்கு ஜெர்மனிக்கு அமெரிக்காவின் பெர்ஷிங்-2 அணு ஏவுகணைகள் வரப்போகின்றன. அவை மாஸ்கோவை எட்டாது, 1,800 கிலோமீட்டர்தான் போகும் என்றது அமெரிக்கா. சோவியத் தளபதிகள் நம்பவில்லை, பத்து நிமிடத்துக்குள் தங்கள் தலையில் விழும் என்றே கணக்குப் போட்டார்கள். சோவியத் தலைவர் யூரி ஆந்த்ரோபோவோ சிறுநீரகம் செயலிழந்து ஆஸ்பத்திரியில். நவம்பர் 7 புரட்சி தின அணிவகுப்புக்குக்கூட அவர் வரவில்லை. ஏபிள் ஆர்ச்சர் தொடங்கியதும் அதே நவம்பர் 7-ல்தான்.

இனி ரியான். என்னைப் பொறுத்தவரை இந்த வழக்கின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

1981 மே மாதம் சோவியத் உளவுத்துறையான கேஜிபியின் தலைவராக இருந்தபோது ஆந்த்ரோபோவ் ஒரு கூட்டத்தில் அறிவித்தது இது: அமெரிக்கா திடீர் அணுத் தாக்குதலுக்குத் தயாராகிறது, அதை முன்கூட்டியே மோப்பம் பிடிப்பதுதான் இனி உளவுத்துறையின் முதல் வேலை. அந்த வேலைக்கு வைத்த பெயர்தான் 'ரியான்', 'அணு ஏவுகணைத் தாக்குதல்' என்பதற்கான ரஷ்யச் சொற்களின் முதலெழுத்துகள். 1941 ஜூன் 22-ல் ஹிட்லர் முன்னறிவிப்பில்லாமல் தாக்கியதை நேரில் வாழ்ந்து பார்த்த தலைமுறை அது, இன்னொரு முறை ஏமாறக்கூடாது என்ற பயம் அவர்களுக்கு ரத்தத்தில் இருந்தது. அதை வெறும் பைத்தியக்காரத்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் அந்தப் பயத்தை அலுவலக வேலையாக மாற்றிய விதம் இருக்கிறதே, அது வேறு ரகம். 1983 பிப்ரவரி 17 தேதியிட்டு லண்டன் கேஜிபி நிலையத்துக்கு வந்த உத்தரவில் எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று பட்டியல் இருந்தது. ராத்திரியிலும் விடுமுறை நாளிலும் பாதுகாப்பு அமைச்சகத்தில் எத்தனை ஜன்னல்களில் விளக்கு எரிகிறது, வாசலில் எத்தனை கார்கள் நிற்கின்றன, பாதிரியார்களும் வங்கித் தலைவர்களும் என்ன பேசிக்கொள்கிறார்கள், ரத்த தானம் கூடியிருக்கிறதா, ரத்தத்துக்கு என்ன விலை கொடுக்கிறார்கள். கடைசிக் கேள்வியைக் கவனியுங்கள். பிரிட்டனில் ரத்தத்தை யாரும் விற்பதில்லை, சும்மாதான் கொடுக்கிறார்கள். லண்டனில் இருந்தவர்களுக்கு இது தெரியும். மாஸ்கோவில் பட்டியல் போட்டவருக்குத் தெரியவில்லை. 'ஐயா, இங்கே ரத்தத்துக்கு விலையே கிடையாது' என்று திருப்பி எழுத லண்டனில் யாருக்கும் துணிச்சல் இல்லை.

இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? ஒலெக் கார்தியெவ்ஸ்கி வழியாக. லண்டன் கேஜிபி நிலையத்தில் மூத்த அதிகாரி, அதே சமயம் 1974 முதல் பிரிட்டிஷ் உளவுத்துறை எம்ஐ6-க்கு ரகசியமாக வேலை பார்த்தவர். 1985-ல் மாஸ்கோ அவரைத் திரும்ப அழைத்துச் சந்தேகப்பட, பின்லாந்து எல்லை வழியாக எம்ஐ6 அவரைக் கடத்திக்கொண்டு வந்தது. 2025 மார்ச்சில் இங்கிலாந்தில் காலமானார். அவர் சொன்னதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது ஜன்னலோ ரத்தமோ அல்ல. லண்டனில் இருந்த கேஜிபி அதிகாரிகள் யாரும் அமெரிக்கா தாக்கப்போகிறது என்று நம்பவில்லை. ஆனாலும் கேட்டதை எழுதி அனுப்பினார்கள், ஏனென்றால் 'ஒன்றுமில்லை' என்று எழுதுகிறவன் சோம்பேறி, பயமுறுத்துகிற மாதிரி எழுதுகிறவன் விழிப்பானவன். அந்த அறிக்கைகளைப் பார்த்து மாஸ்கோ மிரண்டது, மிரண்டு இன்னும் அதிகமாகக் கேட்டது, இவர்கள் இன்னும் அதிகமாக அனுப்பினார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இங்கே அரண்டவன் சம்பளம் கொடுத்து ஆள் வைத்துப் பேய் தேடினான், ஆட்களும் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

கணினியும் இருந்தது. இரண்டு வல்லரசுகளின் பலத்தை ஒப்பிட கேஜிபி ஒரு கணினி மாதிரியை வைத்திருந்தது, அதில் சுமார் 40,000 காரணிகள். அமெரிக்காவின் பலம் 100 என்று வைத்து சோவியத்தின் பலத்தை அது எண்ணாகச் சொல்லும். 40-க்குக் கீழே இறங்கினால் ஆபத்தான நிலை, 1984-ல் அது 45 காட்டியது. நாடே விழப்போகிறது என்று ஒரு எண் சொல்லும்போது எந்த அதிகாரிதான் 'இந்த எண்ணே அபத்தம்' என்று எழுந்து நின்று சொல்லுவான்?

நவம்பர் 8 ராத்திரி அல்லது 9-ம் தேதி, மாஸ்கோவிலிருந்து மேற்கு ஐரோப்பாவின் கேஜிபி நிலையங்களுக்கு ஓர் அவசரத் தந்தி போனது: அமெரிக்கத் தளங்கள் உஷார் நிலைக்குப் போயிருக்கின்றன, பெய்ரூத் குண்டுவெடிப்பு காரணமாகப் பாதுகாப்பைக் கூட்டியிருக்கலாம், அல்லது பயிற்சியின் மறைவில் தாக்குதலுக்கான கவுன்ட்டவுன் தொடங்கியிருக்கலாம். அப்படி எந்த உஷார் நிலையும் அறிவிக்கப்படவில்லை. சரி, இந்தத் தந்தி பற்றி கார்தியெவ்ஸ்கி சொல்லித்தான் நமக்குத் தெரியும், அதனால் இதை ஒற்றைச் சாட்சியாகவே எடைபோட வேண்டும். மேற்கத்திய எழுத்தாளர்கள் பலர் இந்த இடத்தில் கொஞ்சம் அவசரப்பட்டுவிடுகிறார்கள். ஓர் உளவாளியின் நினைவை மட்டும் வைத்துக்கொண்டு 'மாஸ்கோ நடுங்கியது' என்று எழுதுவது பெரிய தாண்டல்.

ஆனால் இன்னொரு வகைச் சாட்சி இருக்கிறது, அது யாருடைய நினைவையும் நம்பி நிற்கவில்லை. ஓடுபாதையில் நின்ற விமானங்கள்.

பயிற்சி நாட்களில் சோவியத் விமானப்படைத் தளபதி மார்ஷல் குதாகோவ், போலந்திலிருந்த 4-வது விமானப்படையை உஷார்படுத்தினார். உடனடியாக அணு ஆயுதம் பயன்படுத்துவதற்கான ஏற்பாடும் அந்த உத்தரவில் அடக்கம். கிழக்கு ஜெர்மனியில் குண்டுவீச்சு விமானப் படைப்பிரிவு ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்குவாட்ரன் அணுகுண்டு ஏற்றி முப்பது நிமிடத் தயார் நிலையில் வைக்கப்பட்டது. வழக்கமான பயிற்சிப் பறப்புகள் எல்லாம் கிட்டத்தட்ட நின்றுபோயின, அதாவது எல்லா விமானமும் தயாராகத் தரையில் இருக்க வேண்டும். இதில் ஒரு சின்னத் தகவல் எனக்கு எந்தப் பொலிட்பீரோ (சோவியத் கட்சியின் உச்சக் குழு) குறிப்பை விடவும் கனமாகத் தெரிகிறது. கிழக்கு ஜெர்மனியில் ஒரு தளத்தில் சு-17 போர் விமானங்களில் ஆயுதம் ஏற்றும்போது எடை சமநிலை சரியாக வரவில்லை, அதனால் ரேடாரைக் குழப்பும் மின்னணுக் கருவியைக் கழற்றிவிட்டுப் பறக்கலாமா என்று தளத்திலிருந்து கேட்டார்கள். இந்தப் பேச்சை அமெரிக்கர்கள் ஒட்டுக்கேட்டிருந்தார்கள். பயிற்சியில் தினமும் ஏற்றுகிற சுமையில் இப்படிச் சிக்கல் வராது. இதுவரை ஏற்றிப் பார்க்காத நிஜக் குண்டுச் சுமையை ஏற்றினால்தான் வரும்.

இது நடந்துகொண்டிருந்தபோது மேற்கு ஜெர்மனியின் ராம்ஸ்டைன் தளத்தில், ஐரோப்பாவிலிருந்த அமெரிக்க விமானப்படையின் உளவுத் தலைவராக இருந்தவர் லெனர்ட் பெரூட்ஸ். கிழக்கே ஏதோ அசைகிறது என்று அரைகுறைச் செய்தி வந்தது. அவருடைய மேலதிகாரி ஜெனரல் பில்லி மின்டர், நாமும் உஷார் நிலையை உயர்த்தலாமா என்று கேட்டார். வேண்டாம், அதற்குப் போதுமான ஆதாரம் இல்லை, கவனித்துக்கொண்டு மட்டும் இருப்போம் என்றார் பெரூட்ஸ். உயர்த்தவில்லை. சு-17 செய்தியின் முழு அர்த்தம் அவருக்குத் தெரியவந்தது பயிற்சி முடிந்த பிறகுதான். முன்பே தெரிந்திருந்தால் வேறு மாதிரி முடிவெடுத்திருப்பேனோ என்ற சந்தேகம் அவரை விடவேயில்லை. அமெரிக்கப் பாதுகாப்பு உளவு முகமையின் இயக்குநராக இருந்து ஓய்வுபெறும் நேரத்தில், 1989 ஜனவரியில், இதையெல்லாம் ஒரு கடிதமாக எழுதி வைத்துவிட்டுப் போனார்.

அவர் எழுத வேண்டியிருந்ததற்குக் காரணம் உண்டு. அமெரிக்க உளவு அமைப்புகள் 1984 மே மாதம் ஒரு சிறப்பு மதிப்பீடு தயாரித்தன. அதன் முடிவு உறுதியாக இருந்தது: சோவியத் தலைவர்கள் உடனடிப் போர் வருமென்று நிஜமாக நம்பவில்லை. பயம் பயம் என்று அவர்கள் கத்துவது, பெரும்பாலும் பெர்ஷிங் ஏவுகணைகளுக்கு எதிராக ஐரோப்பிய மக்களைத் திருப்பிவிடத்தான். லண்டன் கேஜிபி செய்ததற்கும் இதற்கும் அடிப்படையில் பெரிய வித்தியாசம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அங்கே மாஸ்கோ தாக்குதலின் அடையாளத்தைக் கேட்டது, கிடைத்தது. இங்கே வாஷிங்டனில் நம்மைப் பார்த்து யாராவது பயப்படுவார்களா, நாம்தான் தாக்கமாட்டோமே என்ற நினைப்பு முன்னாலேயே உட்கார்ந்திருந்தது, அதற்கேற்ற விடையும் வந்தது. நேட்டோ தரப்பிலேயே அந்தப் பயிற்சி முடிந்ததும் எழுதிய ஒரு விமானப்படை அறிக்கை, பி-52 குண்டுவீச்சு விமானங்களின் பறப்புகளைச் சிலர் வாய்தவறி 'தாக்குதல்' என்றே குறிப்பிட்டார்கள், அது அணுத் தாக்குதல் என்ற அர்த்தத்தைத் தந்துவிடும் என்று குறைப்பட்டுக்கொள்கிறது. அதற்கு முன்பே, அந்த இலையுதிர்காலத்து பெரும் பயிற்சி வரிசையின் ஒரு பகுதியாக, 19,000 படையினரை ரேடியோ மௌனத்தில் 170 விமானப் பயணங்களில் ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். எதிர்ப்பக்கம் இருந்து பார்த்தால் இது எப்படித் தெரியும் என்று அந்த மதிப்பீட்டை எழுதியவர்கள் போதுமான அளவு யோசிக்கவில்லை.

பெரூட்ஸின் கடிதத்தைத் தொட்டுத்தான் ஜனாதிபதியின் வெளிநாட்டு உளவு ஆலோசனைக் குழு முழு விசாரணையில் இறங்கி 1990 பிப்ரவரியில் ஓர் அறிக்கை கொடுத்தது. 1984-ல் சொன்னது தவறு, சோவியத் பயம் நிஜமாக இருந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு, நமக்கே தெரியாமல் சோவியத்துடனான உறவைத் துப்பாக்கியின் விசை நுனியில் கொண்டுபோய் வைத்திருக்கலாம் என்றது அது. ஐரோப்பாவிலிருந்த அதிகாரிகள் சரியாகத்தான் நடந்துகொண்டார்கள், ஆனால் உள்ளுணர்வால், தகவல் தெரிந்து அல்ல என்ற வாக்கியமும் அதில்தான். இந்த அறிக்கையை வெளியே கொண்டுவர ஆய்வாளர்கள் வருடக்கணக்கில் மனுப்போட்டு, மேல்முறையீடு செய்து, 2015 அக்டோபரில்தான் அது கிடைத்தது. பெரூட்ஸின் மூலக் கடிதமும் குதாகோவின் உத்தரவும் 2021-ல் அமெரிக்க வெளியுறவுத் துறையின் ஆவணத் தொகுப்பில் வந்தன. அதாவது விஷயம் நடந்து 38 வருடம் கழித்து.

இதற்கு எதிர்ப்பக்கமும் பலமாகவே இருக்கிறது. சைமன் மைல்ஸ் என்ற வரலாற்றாசிரியர் 2020-ல் எழுதிய கட்டுரையின் வாதமே 'நடக்காத போர்ப்பீதி' என்பதுதான். வார்சா ஒப்பந்த நாடுகளின் (சோவியத் தலைமையிலான ராணுவக் கூட்டணி) ஆவணக்காப்பகங்களைத் தோண்டிவிட்டு அவர் சொல்வது: ரியான் 1983-ல் இன்னும் முழுதாக இயங்கவே தொடங்கவில்லை, ஏபிள் ஆர்ச்சர் பயிற்சிதான் என்பது சோவியத் உளவுத்துறைக்கு நன்றாகத் தெரியும், வருடாவருடம் பார்த்துப் பழகியதுதான். பொலிட்பீரோவில் இதைப் பற்றி அவசரமாகப் பேசியதற்கான தடயமும் கிடைக்கவில்லை. சோவியத் மார்ஷல் அக்ரொமெயெவைப் பின்னாளில் ஓர் அமெரிக்கப் பத்திரிகையாளர் கேட்டபோது, ஏபிள் ஆர்ச்சர் என்ற பெயரே தனக்கு நினைவில்லை என்றார். அந்த வருடத்தின் பெரிய பயிற்சி வரிசைதான் நினைவில் இருந்தது. நேட்டோ தலைமையகத்துக்குள்ளேயே கிழக்கு ஜெர்மனிக்கு ரைனர் ரூப் என்ற உளவாளி இருந்தார். தாக்குதலுக்கு எந்த ஏற்பாடும் இல்லை என்று தெரிவித்ததாக அவர் பிற்பாடு சொல்லியிருக்கிறார். உலகத்தைக் காப்பாற்றியதே நான்தான் என்கிற மாதிரி ஓர் உளவாளி பேசும்போது பாதிக்குப் பாதி கழித்துக்கொள்வது நல்லது, அது ரூப்புக்கும் பொருந்தும், கார்தியெவ்ஸ்கிக்கும் பொருந்தும்.

மைல்ஸ் சொல்வதில் முக்கால்வாசியை நான் ஏற்றுக்கொள்கிறேன். கிரெம்ளினில் யாரோ பொத்தான் மேல் விரலை வைத்துக்கொண்டு வியர்த்துக் கொட்டினார்கள் என்பதற்கு ஆதாரம் கிடையாது. ஆனால் மேலே பீதி இல்லை என்பதிலிருந்து கீழே ஆபத்து இல்லை என்ற முடிவுக்கு அவர் போகிற இடத்தில்தான் என்னால் கூடப் போக முடியவில்லை. நேட்டோ பயிற்சியின்போது சில பிரிவுகளை உஷார்ப்படுத்துவது சோவியத்துக்கு வாடிக்கை என்று வாதிடலாம், சரி, ஆனால் வாடிக்கையான வேலையில் எடை சமநிலைக் குழப்பம் ஏன்? மேலிடம் நிதானமாக இருந்து, கீழே இருக்கிற தளபதி வைத்திருக்கிற விதிப்புத்தகத்தின்படி நிஜக் குண்டை விமானத்தில் ஏற்றிவிட்டால், அந்த விமானத்தை எதிர்ப்பக்கம் பார்க்கிறவன் மேலிடத்தின் மனநிலையையா பார்க்கிறான்? குண்டைத்தானே பார்க்கிறான். அன்று ராம்ஸ்டைன் பதிலுக்கு உஷாரை உயர்த்தியிருந்தால், 'அமெரிக்கத் தளங்கள் உஷாராகிவிட்டன' என்று மாஸ்கோவின் தந்தியில் வந்த பொய்ச் செய்தி ஒரே ராத்திரியில் மெய்ச் செய்தியாகியிருக்கும். அதற்கப்புறம் ரியான் பட்டியலை வைத்துக்கொண்டிருந்த ஒவ்வொருவனும் சரிபார்த்துச் சரி என்று டிக் அடித்திருப்பான். வல்லரசுப் பகையில் ஆபத்தைத் தலைவர்களின் தலைக்குள் மட்டும் தேடினால் இந்த இடம் கண்ணில் படாது.

அப்புறம் ரீகன். இந்தச் சம்பவம்தான் ரீகனைச் சமாதானத்தின் பக்கம் திருப்பியது என்று எழுதுகிறவர்கள் உண்டு. அவ்வளவு நேர்க்கோடு இல்லை. அக்டோபர் 10-லேயே அணுப்போரைக் காட்டும் ஒரு டிவி படத்தைப் பார்த்து மனம் சோர்ந்துபோனதாக அவர் டைரியில் எழுதியிருந்தார். நவம்பர் 18 டைரியில், சோவியத்காரர்கள் தாக்கப்படுவோமோ என்று அவ்வளவு பயப்படுகிறார்கள், நமக்கு அப்படி எந்த எண்ணமும் இல்லை என்று சொல்லியாக வேண்டும் என்கிறார். இது பயிற்சி முடிந்த ஒரு வாரத்தில் எழுதியது, கார்தியெவ்ஸ்கியின் தகவலெல்லாம் வாஷிங்டனில் முழுதாகச் சுற்றிவந்தது அதற்குப் பிறகு. 1984 ஜனவரி 16 உரையில் தொனி மாறியது உண்மை. அதே நேரம் 1983 நவம்பர் 23-ல் ஜெனிவா ஏவுகணைக் குறைப்புப் பேச்சுவார்த்தையிலிருந்து சோவியத் வெளிநடப்புச் செய்திருந்ததும், பெர்ஷிங் ஏவுகணைகள் வந்து இறங்கியதும் உண்மை. பல கயிறுகள் சேர்ந்து இழுத்த விஷயம் இது, அந்த நவம்பர் வாரம் அதில் ஒன்று, அவ்வளவுதான்.

இதை ஆழமாகப் படிக்க நினைக்கிறவர்களுக்கு ஒரே ஒரு யோசனை. 1990 அறிக்கையில் தொடங்காதீர்கள், அது அடித்துப் போட்டுவிடும், பிறகு எதைப் படித்தாலும் அதன் கண்ணாலேயே பார்ப்பீர்கள். முதலில் 1984 மே மதிப்பீட்டைப் படியுங்கள், அது எவ்வளவு நியாயமாக, நம்பும்படியாக எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். அடுத்து பெரூட்ஸின் கடிதம், அதற்கப்புறம் 1990 அறிக்கை, கடைசியில் மைல்ஸ். முதல் மூன்றும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் அமெரிக்க அரசு ஆவணங்கள்தான். ஆங்காங்கே கறுப்பு மையால் அழித்த வரிகள் இருக்கும், 1990 அறிக்கையில் அவை எந்தெந்தப் பத்தியில் வருகின்றன என்பதையும் குறித்துக்கொண்டே படியுங்கள்.